லேட்டாக வந்தால் ரெண்டு ரவுண்டு

எங்கள் பள்ளிக்கூடத்தில் காலை எட்டு நாற்பதுக்குக் கேட்டைச் சாத்திவிடுவோம். அதற்குமேல் வருகிற பிள்ளைகள் லேட் நோட்டில் பேரெழுதிவிட்டு, பையைச் சுவரோரம் வைத்துவிட்டு, கிரவுண்டை ரெண்டு ரவுண்டு ஓட வேண்டும். அதே வாரத்தில் மூன்றாம் தடவை என்றால் நாலு ரவுண்டு. மைக்கில் பிரேயர் முடிவதற்குள் ஓடி முடித்து வகுப்புக்குப் போய்விட வேண்டும். இந்தச் சட்டத்தைப் போட்ட மகராசி வேறு யாருமில்லை, நானேதான். பன்னிரண்டு வருஷத்துக்கு முந்தி, வேலைக்குச் சேர்ந்த புதிதில், பி.டி. மிஸ் என்றால் பிள்ளைகளுக்கு ஒரு பயம் வேண்டாமா என்று போட்டேன். ஒரே மாதத்தில் லேட்டாக வருகிற கூட்டம் பாதியானது. எங்கள் முதல்வரை எல்லாரும் மேடம் என்றுதான் சொல்வோம். அந்த மேடம் என்னைக் கூப்பிட்டுப் பாராட்டினார்.

துடியலூர் தாண்டி, மேட்டுப்பாளையம் ரோட்டிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி, பத்தாவது வரைக்கும் இருக்கிற தனியார் பள்ளி. பி.டி. மிஸ் என்றதும் நாள் பூராவும் பந்து விளையாடிச் சம்பளம் வாங்குகிறவள் என்று என் ஒறம்பரை சொந்தபந்தத்தில் பலபேர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அட நீங்க வேற! நகம் பார்ப்பேன். ரிப்பன் பார்ப்பேன். ஷூவுக்குப் பாலிஷ் போட்டிருக்கிறார்களா என்று குனிந்து குனிந்து பார்த்தே எனக்கு இடுப்பு போனது. ஆண்டு விழா என்றால் ரெண்டு மாதம் டிரில். சாயங்காலம் பஸ் வரிசை. இதற்கு நடுவில் ஆறிலிருந்து எட்டாவது வரைக்கும் வாரத்துக்கு ரெண்டு பி.டி. பீரியட்.

அந்தப் பீரியடின் லட்சணத்தையும் சொல்லிவிடுகிறேன். கிரவுண்டுக்கு வந்ததும் பாதி வகுப்பு நேராகப் புங்கமரத்தடிக்குப் போய் உட்கார்ந்துவிடும். “வயித்த வலிக்குதுங்க மிஸ்.” “நேத்துத்தானுங்க காச்ச உட்டுச்சு.” “ஷூ கடிக்குதுங்க.” நானும் என்னென்னமோ செய்து பார்த்தேன். கயிறு வாங்கிவந்து ஸ்கிப்பிங் போட்டி வைத்தேன். ஸ்பீக்கரில் பாட்டுப் போட்டேன். ஒரு ரவுண்டு ஓடினால் ஒரு பிஸ்கட் பாக்கெட் என்றேன். ஓடியது நாலு பேர், பங்கு போட்டுத் தின்றது நாற்பது பேர். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு உடம்பு வளைவதில்லை என்று ஸ்டாஃப் ரூமில் உட்கார்ந்து புலம்புவேன். ஓடச் சொன்னதும் ஏன் இவர்கள் மூஞ்சி சுருங்குகிறது என்று ஒருநாளும் யோசித்ததில்லை.

ஒன்பதாவதுக்கும் பத்தாவதுக்கும் அந்த ரெண்டு பீரியடும் கிடையாது. டைம்டேபிளில் உடற்கல்வி என்று இருக்கும். மேலேயிருந்து யாராவது பார்க்க வந்தால் காட்டுவதற்கு. அந்த நேரத்தில் சயின்ஸ் மிஸ் உள்ளே போய்விடுவார். “உங்களுக்கென்னங்க மிஸ், நோவாம ஒரு பீரியட் ஃப்ரீ, போய்க் காப்பி குடிங்க” என்பார். முதல் ரெண்டு வருஷம் சண்டை போட்டேன். அப்புறம் காப்பி குடிக்கப் பழகிவிட்டேன். பத்தாவது பிள்ளைகள் காலையில் எட்டு மணிக்கே வந்தாலும் கிரவுண்டில் நிற்கக் கூடாது. நேராக மாடிக்குப் போய்ப் புத்தகத்தைத் திறக்க வேண்டும். அது மேடம் போட்ட சட்டம்.

போன வருஷம் ஜூனில் அந்தப் பத்தாவதிலிருந்து ஒரு பெண் தினமும் லேட்டாக வர ஆரம்பித்தாள். அப்பா சின்னதாக ஒரு லேத் பட்டறை வைத்திருக்கிறார். அம்மாவுக்கு மோட்டார் கம்பெனியில் செம்புக் கம்பியைக் காயிலாகச் சுற்றுகிற வேலை. வீடு பள்ளிக்கூடத்துக்குப் பின்தெருவில், நடந்தால் அஞ்சு நிமிஷம். எனக்குக் கோபம் வருமா வராதா? “ஏன் அம்மணி, காரமடையில இருந்து பஸ் புடிச்சு வர்றவளெல்லாம் நேரத்துக்கு வந்துர்றா. மணி அடிச்சா கேக்குற தூரத்துல ஊட்டை வெச்சுக்கிட்டு உனக்கென்ன கேடு?” என்று பிடித்து வாங்கினேன். “நாளைக்கு வந்தர்றேனுங்க மிஸ்” என்றாள். மறுநாளும் எட்டு நாற்பத்தொன்றுக்குத்தான் வந்தாள்.

லேட் பிள்ளைகள் ஓடுகிற அழகை நீங்கள் பார்க்க வேண்டும். காலைத் தேய்த்துக்கொண்டு, த்ரோபால் கோர்ட்டைக் குறுக்கே வெட்டி, நான் அந்தப் பக்கம் திரும்பினால் நடந்து, இந்தப் பக்கம் திரும்பினால் ஓடுவதுபோல் குதித்து, ஒரு வழியாக முடிப்பார்கள். இவள் அப்படி இல்லை. பையை வைப்பாள். ஷூ லேஸை அவிழ்த்து, இறுக்கி மறுபடி கட்டுவாள். அப்புறம் தண்ணித் தொட்டிக்கும் அக்கட்டால, கிரவுண்டின் கடைசி மூலை வரைக்கும் போய்த் திரும்புவாள். ரெண்டு என்றால் மூன்று ஓடுவாள். ஏனென்று கேட்டால், “எண்ணிக்கை மறந்துபோச்சுங்க மிஸ்.” கணக்கில் தொண்ணூறு வாங்குகிற பெண்ணுக்கு ரெண்டு வரைக்கும் எண்ண வரவில்லையாம். நானும் நம்பினேன். என் புத்தியை என்ன சொல்வது!

ஜூலையில் ஒரு காலை. எட்டு இருபதுக்கு வண்டியை உள்ளே திருப்பும்போது, எதிர்ப்பக்கத்துப் பேக்கரி ஓரமாக அவள் நிற்பதைப் பார்த்துவிட்டேன். முதுகில் பை. கண் எங்கள் கேட்டின் மேல். நான் உள்ளே போய்ச் சுவருக்குப் பின்னால் நின்றுகொண்டேன். எட்டரை ஆனது. அவள் வகுப்புப் பிள்ளைகள் நாலைந்து பேர் உள்ளே வந்தார்கள். அவள் அசையவில்லை. வாட்ச்மேன் கேட்டைச் சாத்திக் கொக்கி போட்ட சத்தம் கேட்ட பிறகுதான் ரோட்டைத் தாண்டி வந்தாள்.

தனியாகக் கூட்டிப்போனேன். நான் முதலில் கேட்டது என்ன தெரியுமா? “எவனுக்காக அங்க நின்ன?” என்று கேட்டேன். ஆமாம், எனக்கும் முதலில் அதுதான் தோன்றியது.

“யாருக்காகவும் இல்லீங்க மிஸ். கேட் சாத்தட்டும்னுதானுங்க.”

“சாத்தட்டும்னா?”

“சாத்தறதுக்கு முந்தி வந்தா மேல போய் உக்காரச் சொல்லிருவாங்க. லேட்டா வந்தாத்தானுங்க ஓட உடுவீங்க.”

அவளே சொல்லிக்கொண்டு போனாள். சாயங்காலம் ஆறு வரைக்கும் ஸ்பெஷல் கிளாஸ், ஆறரைக்கு டியூஷன், எட்டரைக்கு வீடு. ஞாயிற்றுக்கிழமை டெஸ்ட். தெருவில் ஓடலாமென்றால் வண்டிகள். ஒருநாள் ஓடியதற்கே பக்கத்து வீட்டில் கூப்பிட்டு, ‘ஏன் கண்ணு, என்ன ஆச்சு, நாய் தொரத்துச்சா’ என்று கேட்டார்களாம். அப்பா அன்றோடு நிறுத்திவிட்டார். எட்டாவது வரைக்கும் பி.டி. பீரியடில் மரத்தடிக்குப் போகாமல் ஓடின நாலு பேரில் அவளும் ஒருத்தி. அது எனக்கு ஞாபகமில்லை என்பதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது.

“ஓடி என்ன ஆகப்போற?” என்று கேட்டேன். பி.டி. மிஸ் கேட்கிற கேள்வியா இது!

“ஒண்ணும் ஆகலீங்க மிஸ். ஓடுனா அன்னிக்குப் பூரா நல்லா இருக்குது.” கொஞ்சம் யோசித்துவிட்டு, “தெனமும் நாலு ரவுண்டாவே குடுத்தர்றீங்களா மிஸ்?” என்றாள்.

கொடுத்தேன். அன்றிலிருந்து தினமும் நாலு. லேட் நோட்டில் அவளே பேரெழுதுவாள், நான் கையெழுத்துப் போடுவேன். பேரில்லாமல் பத்தாவது பெண்ணைக் கிரவுண்டில் விட முடியாது. சில நாள் பிரேயர் சீக்கிரம் முடிந்துவிடும் என்று தெரிந்தால், கேட்டை ரெண்டு நிமிஷம் முன்னாலேயே சாத்தச் சொல்வேன். வாட்ச்மேன் என்னை ஒருமாதிரி பார்ப்பார்.

பெரிய ஓட்டக்காரி என்று நினைத்துவிடாதீர்கள். ஒருநாள் ஃபோனில் நேரம் பார்த்தேன். சாதாரணம்தான். மாவட்டப் போட்டிக்குக் கூட்டிப்போனால் முதல் சுற்றிலேயே வெளியே வந்துவிடுவாள். அதுதான் சங்கடமே. மெடல் வாங்குகிற பெண்ணாக இருந்தால் மேடமே முன்னால் நின்று, ஃபோட்டோ எடுத்து, கேட்டில் பேனர் கட்டியிருப்பார். சும்மா ஓடப் பிடித்த பிள்ளைக்கு எங்கள் பள்ளியில் இடம் லேட் நோட்டில்தான் இருந்தது.

கேட்காமல் இருந்தேன் என்று சொல்லக் கூடாது. ஆகஸ்டில் மேடத்திடம் போய், “பத்தாவதுக்குக் காலையில ஒரு பத்து நிமிசம் கிரவுண்டுல உடலாமுங்களா மேடம்?” என்றேன். அவர் கோபிக்கவில்லை. நாற்காலியில் உட்காரச் சொன்னார். “எந்தப் பேரண்ட் கேக்குறாங்க மிஸ்? பரீட்சை முடியட்டும், அப்புறம் நாள் பூரா ஓடட்டும்” என்றார். பரீட்சை முடிந்தால் அவர்கள் எங்கள் பள்ளியிலேயே இருக்க மாட்டார்கள். அதைச் சொல்ல வாயெடுத்தேன், ஃபோன் வந்துவிட்டது. எழுந்து வந்துவிட்டேன்.

நான் செய்த பெரிய மடத்தனம், அந்த லேட் நோட்டை ஆஃபீஸில் யாரும் பார்ப்பதில்லை என்று நினைத்தது. மாதக் கடைசியில் அதை வாங்கிப்போய், லேட்டான பிள்ளைகள் வீட்டுக்கு மெசேஜ் அனுப்புவார்கள். அவள் அம்மா ஃபோனுக்கும் போயிருக்கிறது. டியூஷன் நோட்ஸ் பார்க்க அந்த ஃபோன் ராத்திரியில் அவள் கையில்தான் இருக்கும். வந்த மெசேஜை அவளே அழித்துவிட்டாள். நவம்பரில் நோட்டைக் கூட்டிப் பார்த்த ஆஃபீஸ்காரர்கள் அப்பாவுக்கே ஃபோன் போட்டுவிட்டார்கள்.

மறுநாள் அவள் அப்பாவும் அம்மாவும் மேடம் ரூமில் உட்கார்ந்திருந்தார்கள். அப்பா பட்டறையிலிருந்து நேராக வந்திருந்தார். கையை எவ்வளவு கழுவியும் நகத்து ஓரத்தில் ஆயில் போகவில்லை. அவள் சுவரை ஒட்டி நின்றாள். என்னைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

“ஏனுங்க மேடம், தப்பா நெனச்சுக்காதீங்க” என்று அவர் ஆரம்பித்தார். “எட்டேகாலுக்கு ஊட்டை உட்டுக் கெளம்பிர்றாளுங்க. அஞ்சு நிமிச நடை. இங்க எட்டே முக்காலுக்கு வர்றான்னு சொல்றீங்க. நடுவால அர மணி நேரம் எங்க போறா? போன்ல வந்ததையும் அழிச்சுபோட்டிருக்கறா.” அதற்குமேல் அவர் சொல்லவில்லை. சொல்லவேண்டிய தேவையும் இல்லை. அந்த அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழ ஆரம்பித்துவிட்டார்.

மேடம் அவளைப் பார்த்தார். “சொல்லும்மா. யார் அது?”

“யாருமில்லீங்க மேடம். ஓடறதுக்காகத்தானுங்க லேட்டா வந்தேன்.”

“ஓடறதுக்கா?”

“ஆமாங்க. லேட்டா வந்தாத்தான் கிரவுண்டுல ஓட உடுவாங்க.”

மேடம் சிரித்துவிட்டார். அப்புறம் சிரிப்பு நின்று முகம் இறுகியது. “கேழ்வரகுல நெய் வடியுதுன்னா கேக்கறவளுக்குப் புத்தி எங்க போச்சு? பனிஷ்மென்ட்டை யாராவது ஆசைப்பட்டு வாங்குவாங்களா? பொய் சொல்றதுக்கும் ஒரு அளவு வேணாமா?”

அவள் என் பக்கம் திரும்பினாள். பயமே இல்லை அந்த முகத்தில். “மிஸ்ஸுக்குத் தெரியுமுங்க” என்றாள்.

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். தெரியும் என்றால் எல்லாம் வெளியே வரும். நாலு மாதமாகத் தெரிந்தே லேட் போட்டது, தினமும் நாலு ரவுண்டு கொடுத்தது, கேட்டை முன்னாலேயே சாத்தியது எல்லாம். என் வீட்டில் ரெண்டு பிள்ளைகள் படிக்கிறார்கள். இந்த வயசில் இன்னொரு பள்ளியில் என்னை யார் எடுப்பார்கள்? இதெல்லாம் ஒரு மூச்சு விடுகிற நேரத்துக்குள் மனசில் ஓடியது.

“நல்லா ஓடற பொண்ணுங்க மேடம். அப்படித்தான் இருக்கும்னு எனக்கும் தோணுச்சுங்க” என்றேன்.

“தோணுச்சா, தெரியுமா?”

“தோணுச்சுங்க.”

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். அவள் அப்பா என்னைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். “புள்ளையக் காப்பாத்தோணும்னு பாக்குறீங்க. நல்ல மனசுங்க மிஸ் உங்களுக்கு” என்றார். செருப்பால் அடித்திருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது. இந்தப் பள்ளியில் ஓட்டம் என்றால் தண்டனை என்று பன்னிரண்டு வருஷமாக எல்லார் மண்டையிலும் ஏற்றியவள் நான். அதை ஒரு பிள்ளை ஆசைப்பட்டுச் செய்தது என்றால் யார் நம்புவார்கள்?

அன்று ராத்திரி தூக்கமில்லை. வந்த ஞாயிற்றுக்கிழமை வெட்கத்தை விட்டு அவர்கள் வீட்டுக்குப் போனேன். முன்னால் லேத் ஷெட்டு, பின்னால் வீடு. நாற்காலியைத் துடைத்துப் போட்டார்கள். தண்ணி கொடுத்து, காப்பி கொடுத்து, நான் வாயைத் திறப்பதற்குள் முறுக்கும் வந்துவிட்டது. அவள் டியூஷன் டெஸ்டுக்குப் போயிருந்தாள். இந்தத் தடவை ஒன்றுவிடாமல் சொன்னேன். “எனக்குத் தோணலீங்க, தெரியுமுங்க. ஜூலையில இருந்தே தெரியும். நாந்தான் ஓட உட்டேன். அன்னிக்கு மேடத்துக்குப் பயந்து மாத்திச் சொல்லிப்போட்டேன்” என்றேன். சொல்லும்போது எனக்கு அழுகை வந்துவிட்டது.

அவர் கடைசி வரைக்கும் பொறுமையாகக் கேட்டார். “மிஸ்ஸு சொன்னா நாங்க நம்பாம இருப்போமுங்களா? உடுங்க. நடந்தது நடந்துபோச்சு. நீங்க ஏனுங்க மனசக் கொழப்பிக்கறீங்க?” என்றார். “காப்பி ஆறுதுங்க, குடிங்க” என்றார் அந்த அம்மா. ஒரு வார்த்தைகூட நம்பவில்லை என்று எனக்குத் தெரிந்தது. எதிர்த்துப் பேசினால் நானும் பேசலாம். நீ பொய் சொல்கிறாய் என்றால் இல்லையென்று சண்டை போடலாம். எங்கள் ஊர் மரியாதையோடு யார் சண்டை போட முடியும்? எல்லாவற்றுக்கும் ‘சரிங்க, ஆகட்டுங்க’ என்று சொல்லி, வாசல்வரை வந்து வழியனுப்பிவைத்தார்கள். கிளம்பும்போது பையில் ரெண்டு தேங்காயும் போட்டுக் கொடுத்தார்கள்.

அதற்கப்புறம் அவள் ஒருநாளும் லேட்டாக வரவில்லை. எட்டு பத்துக்கு அப்பா மொபெட்டில் கொண்டுவந்து விடுவார். அவள் மாடிப்படி ஏறி வகுப்புக்குள் போகிறவரைக்கும் கேட்டில் நிற்பார். சாயங்காலம் அவரே வந்து கூட்டிப்போய் டியூஷனில் விடுவார். என்னைப் பார்த்தால், “வாரேனுங்க மிஸ்” என்று தலையாட்டிவிட்டுத்தான் வண்டியை எடுப்பார். அவளும் குட் மார்னிங் சொல்வாள். அதில் ஒரு குறையும் இருக்காது. முகத்தைத் திருப்பிக்கொண்டு போயிருந்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

மேடத்திடம் போய் உண்மையைச் சொன்னாயா என்று நீங்கள் கேட்பீர்கள். மூன்று தடவை அந்த ரூம் வாசல்வரை போனேன். ஒரு தடவை உள்ளே ஆள் இருந்தது. ஒரு தடவை, எதற்கு வந்தீர்கள் என்றதும், ஆண்டு விழா டிரஸ்ஸைப் பற்றி ஏதோ கேட்டுவிட்டு வந்தேன். மூன்றாம் தடவை கதவைத் தட்டவே இல்லை. என் யோக்கியதை அவ்வளவுதான்.

பிப்ரவரியில் ஒருநாள் மேடம் ஏதோ மீட்டிங் என்று டவுனுக்குப் போயிருந்தார். பத்தாவதுக்கு ரிவிஷன் பரீட்சை நடந்துகொண்டிருந்த சமயம். அவள் அப்பாவுக்கும் பட்டறையில் அவசர வேலை போலிருக்கிறது, கேட்டிலேயே இறக்கிவிட்டு உடனே போய்விட்டார். மணி எட்டு பத்து. கிரவுண்டில் ஒரு ஈ காக்காய் இல்லை. வெயிலும் ஏறவில்லை. நான் ஓடிப்போய் மாடிப்படிக்குக் கீழே அவளை நிறுத்தினேன்.

“கண்ணு, பையைக் கீழ வெய்யி. மேடம் இல்ல, உங்கப்பாவும் போயிட்டாரு. வேணுங்கற ரவுண்டு ஓடிட்டு வா. யார் கேட்டாலும் நான் பதில் சொல்லிக்கறேன். இந்தத் தடவை சொல்லுவேன், சாமி சத்தியமா.”

அவள் கிரவுண்டைப் பார்த்தாள். முகம் கொஞ்சம் சதை போட்டிருந்தது. கண்ணுக்குக் கீழே கருப்பு. பைப் பட்டையை ரெண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

“ஓட வேண்டாமுங்க மிஸ்” என்றாள். “நான் இப்ப ஒரு தப்பும் பண்றதில்லீங்க.”

கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். நல்ல பிள்ளையாகிவிட்டேன் என்று எனக்கு நல்ல சேதி சொல்வது மாதிரி, சிரித்துக்கொண்டு சொல்லிவிட்டு, ஒவ்வொரு படியாக ஏறி மேலே போனாள்.